கூடாரத் துணியில் ஒரு பாய்

அன்று ராமநாதபுரத்திலிருந்து புதுமடம் போன பஸ்ஸில் டிரைவர், கண்டக்டர், மிளகாய் மூட்டையோடு ஒரு கமுதிக்காரர், பெரிய துணிக்கட்டோடு ஒரு இளவட்டம், பக்கத்தில் அவனுடைய அக்கா புருஷன், வண்டி கவிழுமோ என்று கம்பியை விடாத நான்.

“கூடாரத் துணில வள்ளத்துக்குப் பாயா? கடல்ல முகாம் போடப் போறியா மாப்ள?” என்று அக்கா புருஷன் கேட்டதும் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

“சண்டைக்கால மிலிட்டரி துணி மச்சான். கிழியவே கிழியாது.”

“கிழியாது, அசையவும் அசையாது. காத்துக் கொறஞ்சா பாய்க்குத் தண்ணி அடிப்போமே, அத நெனச்சியா? காடாத் துணின்னா நனைஞ்சதும் இழை நெருங்கிக் காத்தப் பிடிக்கும். இது எருமையாட்டம் கனத்து வள்ளத்தையே சாச்சுப்புடும்.”

நான் கம்பியை இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

“திருப்பிக் குடுத்துரவா மச்சான்?”

“அளவுக்கு வெட்டுனத எவன் வாங்குவான்? அதுவும் கடனுக்கு எடுத்திருக்க. ஒனக்கெல்லாம் எந்த மடையன்லே ஜாமீன் நின்னான்?”

“நீங்கதான் மச்சான். ‘எம் மாப்ள கேட்டதக் குடுங்க, நான் பொறுப்பு’ன்னு கடைக்காரர்கிட்ட சொன்னீகளே.”

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் அவர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார்.

“பாக்கி எம்புட்டு?”

“நாப்பத்திரெண்டு ரூபா.”