எச்சில் வாழ்த்து

கோவிச்சுக்காதீங்க பெரியவரே, நீங்க யாரா இருந்தாலும் இந்த வார்டு கதவத் தாண்டி விடமாட்டேன். தெரியும், நல்லாவே தெரியும். தராஸ் ஊர்ப் பக்கம் குதிரைப் பந்தயம்னா உங்க பேரத்தான மொதல்ல சொல்வாங்க. அதனாலதான பேரன் வாயில நீங்க ஒரு தடவ துப்பணும்னு வீட்டுல எல்லாரும் சேந்து கூட்டிட்டு வந்திருக்காங்க. தாத்தா தைரியம் அவனுக்கும் வரட்டும்னு. நம்ம கசாக்கு சனம் காலங்காலமா செய்யறதுதான், நான் குத்தம் சொல்லல.

துளியூண்டு எச்சில்தானேன்னா எப்படிங்க? சரி, இப்பிடி உக்காருங்க, சொல்றேன்.

உங்க பேரனுக்குப் பொறக்கும்போதே இதயத்துல வால்வு சரியா மூடல. அத டாக்டரம்மா சரி பண்ணிட்டாங்க. ஆனா அதுக்குப் போற வழியில, நெஞ்செலும்புக்குப் பின்னாடி, தைமஸ்னு ஒரு சதை குறுக்க கெடக்குமாம். நோயோட சண்ட போடுற அணுக்கள் இருக்கே, அதுக்கெல்லாம் அங்கதான் பயிற்சியாம். இத்தினூண்டு நெஞ்சுல அத எடுக்காம கத்தி வைக்க எடம் ஏது? எடுத்துட்டாங்க. இப்ப வால்வு நல்லாருக்கு, சண்ட போடத்தான் ஆளு கம்மி. நமக்கு ரெண்டு தும்மலோட போறது அவனுக்கு நெஞ்சுல எறங்கிடும்.

நான் டாக்டரா? அட, இந்த ஆஸ்பத்திரி வாசலக் காக்கற ஆளுதாங்க நான். பதினோரு வருஷமா கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆயிடுச்சு.

என் தங்கச்சி மக்பாலுக்கும் இப்பிடித்தான் ஒரு பையன். எர்னார்னு பேரு, ஏழு மாசம். ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்த மூணாவது வாரம் ஆடு அடிச்சு விருந்து வச்சாங்க. அந்த வருஷம் மல்யுத்தத்துல ஒட்டகத்தப் பரிசா ஜெயிச்சவனக் கூப்புட்டு, புள்ள வாயில துப்பச் சொன்னாங்க. புள்ள பொக்க வாயக் காட்டிச் சிரிச்சான். நாலாம் நாளு மூச்சு எளச்சுது.

இல்லீங்க, பொழைக்கல.

வீட்டுல யாருக்காவது சளி இருந்துச்சான்னு டாக்டர் கேட்டாரு. இல்லன்னுட்டோம். அன்னிக்குப் பொகைன்னு தான் சன்னலத் தொறந்துவிட்ட குளுருதான் புள்ளையக் கொன்னுடுச்சுன்னு மக்பால் இன்னிக்கும் நம்புறா. கோடையிலகூட அவ வீட்டுல சன்னல் தொறக்கறதில்ல. உள்ள உக்காந்தா வேர்த்து ஊத்தும்.

அந்த மல்லனா? காலையிலேருந்தே அவனுக்குத் தொண்ட கரகரன்னுதான் இருந்துச்சு. ஜெயிச்சுட்டு வந்தவன் நாப்பது பேரு முன்னாடி தொண்ட வலின்னு சொல்வானா? அதனாலதான் புள்ள போச்சான்னு எந்த டாக்டராலயும் அடிச்சுச் சொல்ல முடியலங்க. இல்லன்னும் சொல்ல மாட்டேங்கறாங்க, அதான் என்னத் தூங்க விடமாட்டேங்குது.

எனக்கெப்படித் தெரியுமாவா? தொண்ட என்னுதுதானங்க.

மக்பால் ஒவ்வொரு வருஷமும் அந்த நாள்ல என் கையப் புடிச்சுக்கிட்டு அழுவா. போறதுக்கு முன்னாடி ஒன் வாழ்த்தாவது அவனுக்குக் கெடச்சுதே அண்ணான்னு சொல்லுவா. நானும் ஆமாம்மான்னுடுவேன்.