எப்போ தொழிலுக்கு என்று மட்டும் கேட்காதீர்கள்

அவைக்குத் தலைமை ஏற்று, தார்ப்பாய் கட்ட வருகிறேன் என்ற ஆள் வராததால் தானே ஏணியில் ஏறி முடிச்சும் போட்டுத் தந்த வியாசர்பாடித் தாயம்மா அவர்களே, வீட்டு வேலையை முடித்துவிட்டும் பாதியில் போட்டுவிட்டும் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கட்டிவிட்டுப் பகலை என்ன செய்வதென்று தெரியாமல் இங்கே வந்து நிற்கும் பெரியவர்களே, கையால் செய்ததைக் கடையாய்ப் பரப்பியிருக்கும் கண்மணிகளே, கல்மண்டபத்துக் கடற்காற்றே, உங்கள் அனைவருக்கும் எண்ணூர் மங்கம்மாவின் அன்பான வணக்கம்.

யாரு அங்க, மீன்காரம்மாவா இப்படிப் பேசுதுன்னு கேக்குறது? நான்தாம்பா. இருபது வருஷம் இந்த முனையில் கூடை வைத்தவள். என் கூடைக்கு எதிரேதான் எல்லாக் கட்சிக்காரர்களும் மேடை போடுவார்கள். சங்கரா மீனை நிறுத்துக்கினே செந்தமிழையும் கத்துக்கினேன். மீன் விற்றுத் தீர்ந்த நாளும் உண்டு, தமிழ் கேட்டுத் தீர்ந்த நாள் இல்லை.

இந்தச் சந்தையின் சிறப்பைப் பத்து நிமிடம் சொல் என்றார் தலைவி. சொல்கிறேன். ஆனால் அதற்கு முன் உங்கள் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். எண்ணூரிலிருந்து லோடு ஆட்டோ கிளம்பிவிட்டது. அதில் பதினோரு தொட்டில்களும் என் வீட்டுக்காரர் திருமலையும் வருகிறார்கள். அவர் வந்ததும் வணக்கம் சொல்லுங்கள், வாழ்த்துச் சொல்லுங்கள், வம்புக்கும் இழுங்கள். ‘எப்போ தொழிலுக்கு?’ என்று மட்டும் கேட்காதீர்கள்.

வியாசர்பாடியிலிருந்து வந்தவர்கள் விழிக்கிறீர்கள். எங்கள் பக்கத்தில் கடலுக்குப் போவதைத்தான் தொழில் என்போம். ஒருவரை ஒருவர் பார்த்தால் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன் அதைத்தான் கேட்போம். கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் போன ஐப்பசியில் விசைப்படகில் வலை இழுக்கும் வின்ச்சுக் கயிறு அறுந்து என் வீட்டுக்காரரின் வலது தோளில் அடித்தது. தோளுக்குக் கீழே கை எல்லா வேலையும் செய்கிறது, தோளுக்கு மேலே ஏற மறுக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒரு காதுகுத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மண்டப வாசலில் ஒருத்தர், கை கழுவும் இடத்தில் ஒருத்தர், பந்தியில் எதிர் இலைக்காரர் ஒருத்தர். மூன்று பேரும் அதே கேள்வி. பிரியாணி இலையில் கிடக்க எழுந்து போய் பஸ் ஏறிவிட்டார். அன்று வீட்டுக்குள் போனவர் இன்றைக்குத்தான் வெளியே வருகிறார். இன்றும் திரும்பிப் போனால், அப்புறம் நான் எந்த வண்டி வைத்து அழைப்பேன்?

சரி, அந்த வீட்டைச் சொல்கிறேன். கண்ணை மூடிக்கினு கேளுங்க. மொத்தம் இரண்டு சென்ட். ஒரு முருங்கை, ஏழு கோழி, மீன் வருகிற தெர்மாகோல் பெட்டிகளில் மிளகாய், கறிவேப்பிலை, வெண்டை. காலையில் எழுந்ததும் மற்ற ஊரில் செடிக்குத் தண்ணீர் விடுவார்கள். எண்ணூரில் முதலில் ஈரத்துணியால் இலையில் படிந்த நிலக்கரிச் சாம்பலைத் துடைக்க வேண்டும். துணி கறுத்துப் போகும், இலை பச்சையாகும். பத்துப் பதினைந்து இலை துடைத்தால் நம் மனதிலும் ஏதோ துடைத்தது மாதிரி இருக்கும். அப்புறம் மீன் கழுவிய தண்ணீரை வேருக்கு ஊற்றுவேன். கோழிகள் என் காலைச் சுற்றும். லாரிகள் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் சத்தம்கூடத் தூரத்தில் தாலாட்டு மாதிரித்தான் வரும்.

அந்த முருங்கை நிழலில் ஒரு மனிதர் மாதக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருந்தார். பேச்சில்லை, சிரிப்பில்லை, கோழியைக்கூட விரட்டவில்லை. ஒரு நாள் என் அக்கா மகள் சௌமியா கைக்குழந்தையோடு வந்தாள். பிள்ளையைப் போட இடமில்லை. இவர் எழுந்தார், மூலையில் கிடந்த வலை ஊசியை எடுத்தார், பருத்திக் கயிற்றைக் கோத்தார். நான் அடுப்படியில் நின்று பார்க்கிறேன். ஊசி போகிறது, கயிறு வருகிறது, முடிச்சு விழுகிறது. வெயில் முருங்கை இலையில் சலித்து அவர் முழங்கையில் விழுகிறது. எனக்கு உலை கொதித்ததே தெரியவில்லை. நான் விழித்திருந்தேனா, கனவு கண்டேனா?

பொழுது சாய்வதற்குள் தொட்டில் தயார். பிள்ளையைப் போட்டோம். போட்டதும் ஒரு கால் வெளியே. உள்ளே தள்ளினால் இன்னொரு கால் வெளியே. மனுஷன் பழக்க தோஷத்தில் வஞ்சிர வலைக்குப் போடுகிற, நாலு விரல் நுழையும் கண் போட்டிருக்கிறார். அந்த மேசையில நின்னு சிரிக்காத ஜூடி, பிள்ளை அன்னிக்கு வஞ்சிரம் மாதிரிதான் தொங்குச்சு. சௌமியா, “இன்னா சித்தப்பா, புள்ளையப் புடிக்கிறியா, வுட்டுடுறியா?” என்றாள். அவர் சிரித்தார். நாலு மாதத்துக்குப் பிறகு என் வீட்டில் கேட்ட சிரிப்பு. நான் உள்ளே போய் வெங்காயம் உரித்தேன். வெங்காயம் தேவைப்படவில்லை, ஆனாலும் உரித்தேன்.

மொத்தத்தையும் பிரித்து, ஒரு விரல் கண்ணாகப் போட்டு மறுபடி பின்னினார். பிள்ளை மூன்று மணி நேரம் அசையவில்லை. அதன் பிறகு விற்பதற்கென்று பின்னியவைதான் அந்தப் பதினோரு தொட்டில். ஆகவே, அவர் வந்தால் ‘எத்தனை விரல் கண்ணு?’ என்று கேளுங்கள். அரை நாள் பேசுவார். காது வலிக்கிறது என்று என்னிடம் வரக்கூடாது.

இதுதான் தாய்மார்களே, இந்தச் சந்தையின் சிறப்பு. இங்கே இருப்பது வெறும் பொருளா? பரசுராமன் பழைய மீன் கூடையில் செய்த கோழிக்கூடு வெறும் கூடா? ரஹீமுன்னிசாவின் மாங்காய் ஊறுகாய் வெறும் ஊறுகாயா? பழைய புடவையில் ஜூடி தைத்த மெத்தை விரிப்பில் எத்தனை வீட்டுப் புடவை, எத்தனை பேருடைய தூக்கம். அவரவர் வீட்டு மத்தியானம் அல்லவா இங்கே மேசை மேசையாய் விரிந்திருக்கிறது. நான் சில நாள் ஒரு கனவு காண்கிறேன். ராயபுரத்தில் ஒரு தொட்டில், திருவொற்றியூரில் ஒரு தொட்டில், மணலி புதுநகரில், கொடுங்கையூரில், தெருவுக்குத் தெரு, மாடிக்கு மாடி ஒரு தொட்டில். எல்லாம் ஒரே காற்றில் ஆடுகிறது, எல்லாப் பிள்ளையும் ஒரே நேரத்தில் உறங்குகிறது, வடசென்னையே அந்த ஒரு மத்தியானம் சத்தம் போடாமல் இருக்கிறது. எந்தப் பிள்ளைக்கு எந்த முடிச்சு என்று அவர் ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடக்கிறார். 

அதோ, ஆட்டோ வந்துட்டுது. மைக்கைத் தள்ளி வெச்சிட்டுத்தான் பேசுறேன். யாரும் திரும்பாதீங்க. திரும்பாதீங்கன்னா எல்லாருமா திரும்புவீங்க? சரி, கை தட்டாதீங்க, கூச்சப்படுவாரு. இறங்கிவிட்டார். சவுக்குக் கொம்பு நட்டு முதல் தொட்டிலை மாட்டுகிறார். நன்றி, நல்லவர்களே. எல்லோரும் எவ்வளவு அழகாய் வாய் மூடி இருக்கிறீர்கள்.

ஐயோ, மஜீது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், என் வீட்டுக்காரரோடு பத்து வருஷம் ஒரே படகில் வேலை பார்த்தவர், தங்கமான மனுஷன். இப்போதுதான் உள்ளே வருகிறார், நான் பேசியது எதுவும் அவர் காதில் விழுந்திருக்காது. யாராவது அவரைப் பிடியுங்கள். மைக்கில் கூப்பிட்டால் என் வீட்டுக்காரருக்கும் கேட்டுவிடுமே? தோளில் கை போட்டுவிட்டார். கேட்டுவிட்டார். இங்கிருந்தே தெரிகிறது, அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறார்.

கொஞ்சம் பொறுங்கள். என் வீட்டுக்காரர் போகவில்லை, நிற்கிறார். ஏதோ சொல்கிறார். ரஹீமுன்னிசா, நீ பக்கத்து மேசைதானே, இன்னா சொன்னாரு? இன்னும் சத்தமா சொல்லு.

கேட்டீர்களா அவையோரே? ஒரு வார்த்தை கூட்டாமல் சொல்கிறேன். “இனிமே கடலுக்கு இல்ல மஜீது, தோளு ஏறல. இந்தக் கொம்பப் புடி, சாயுது.” மஜீதும் புடிச்சிக்கினு நிக்கிறாரு.

நான் இங்கே நின்று ஊர் வாயையெல்லாம் கட்டிக்கொண்டிருந்தேன். ஏழு மாதத்தில் எல்லோரும் கேட்ட கேள்வியை அவரிடம் கேட்காதவள் நான் ஒருத்திதான். அவர் மனது நோகும் என்று உங்களிடம் சொன்னேன், எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். நெசம் அது இல்லை. அந்தப் பதிலை அவர் வாயால் கேட்க எனக்குத்தான் தெம்பில்லை. இருபத்தாறு வருஷம் அவர் கடலுக்குப் போகும்போதெல்லாம் பயந்தவள், போகமாட்டார் என்றால் அதற்கும் பயந்தேன். இப்போ கேட்டாச்சு. அவ்ளோதான்.

எழுதி வந்ததில் இன்னும் ரெண்டு பக்கம் கீது. தலைவி அவர்கள் மன்னிக்க வேண்டும், நான் கீழே போய் அவரிடம் அந்தக் கேள்வியை நானாக ஒரு தரம் கேட்கப் போகிறேன். பொறுமையாய் இருந்த பெரியவர்களுக்கும், வாய் மூடிக் காத்த தாய்மார்களுக்கும், தெரியாமல் கேட்டுப் புண்ணியம் கட்டிக்கொண்ட மஜீது அவர்களுக்கும் என் நன்றி. சந்தை தொடங்கட்டும், நல்லா இருங்கள், வணக்கம்.