தலைக்கு ஒரு பிடி

— சரியாச் சொல்றேனான்னு எனக்கே சந்தேகமா இருக்கு டாக்டரம்மா. வலி வந்து போனா நெனப்பெல்லாம் எடம் மாறிக் கெடக்கு. எது முன்னாடி நடந்துச்சு, எது பின்னாடின்னு தெரியல.

— அது பரவாயில்லை பூரணி. மாறிச் சொன்னாலும் சொல்லுங்கோ. கதைச்சுக்கொண்டிருந்தால் உடம்பு இறுகாது. இது ரெண்டாவது பிள்ளை எண்டு ராசம்மா சொன்னவ. முதல் பிள்ளைக்கு என்ன நடந்தது?

— நல்லாக் கேட்டீங்க டாக்டரம்மா. நான் இந்த வார்டுல எத்தனையோ பிரசவம் பாத்துட்டேன். மேசையில படுத்திருக்கிறவகிட்ட யாரும் போன புள்ளையப் பத்திக் கேட்டதில்ல.

— கேக்கட்டும் ராசம்மாக்கா. பேசாம இருந்தாத்தான் அது தொண்டையிலயே நிக்குது. அதும் காலு முன்னுக்கு வந்த புள்ளதான் டாக்டரம்மா. இதும் அப்படித்தானே? நீங்க தொட்டுப் பாத்தப்ப உங்க மொகம் மாறுச்சு.

— ஓம். இதுவும் கால்தான் முன்னுக்கு. பொய் சொல்லமாட்டன். ஆனால் நேரத்தோடை வந்திட்டியள். நான் இங்கைதான் நிக்கிறன், ஒரு இடமும் போகமாட்டன்.

— பெரிய டாக்டர எழுப்பிருங்களேன். முத்துலிங்கம் ஐயாவ. அவரு கை பழகுன கை.

— அடியே, யாரு சொல்றது? அவரு மொகத்துலயே முழிக்க மாட்டேன்னு திரிஞ்சவதானே நீ.

— அது அப்ப ராசம்மாக்கா.

— அவர் ராத்திரி முழுக்க முழிப்பு, பூரணி. விடிஞ்ச பிறகுதான் போய்ப் படுத்தவர். தேவைப்பட்டால் நானே ஆளனுப்புவன். ஏன் அவரோடை கோவம்?

— அப்ப இந்த ஆஸ்பத்திரிக்கு அவரு ஒருத்தருதான். நல்ல மழை. என்னக் கம்பளியில தொட்டில் மாதிரி கட்டி, கம்புல போட்டுத் தூக்கிட்டு வந்தாங்க. வந்து பாத்தா ஐயா உள்ள. தேயிலப் பேக்டரி மெசினுல கை மாட்டுன ஒரு ஆளு. அவனுக்கு வேல நடக்குது. என்ன வெளி பெஞ்சில போட்டுட்டாங்க.

— நாந்தான் போட்டேன். வேற எங்கடி போடுறது? உள்ள அவனப் பாதியில விட்டா அவன் போயிருவான்.

— நான் ஒன்னக் குத்தம் சொல்லலக்கா. அவரு வெளிய வந்தப்ப எல்லாம் முடிஞ்சு போச்சு. சட்டையெல்லாம் அந்த ஆளோட ரத்தம். என்னப் பாத்தாரு. புள்ளையப் பாத்தாரு. அப்படியே தரையில உக்காந்துட்டாரு. எங்க மாமியா, மனுசன் குடிச்சிருக்கான்னு சொல்லுச்சு. நானும் அதத்தான் நம்புனேன்.

— குடியா? நிக்கிறதுக்கு அவருக்குக் காலுல தெம்பு இல்ல. அந்த வாரம் பூரா அவரு கட்டில்ல படுத்து நான் பாக்கல.

— பொறுங்கோ, வலி வருகுது. வாயாலை மூச்சை விடுங்கோ. முக்க வேண்டாம். வேண்டாம் பூரணி, இன்னும் இல்லை. ராசம்மா, முதுகைப் பிடியுங்கோ... சரி. வலி போயிட்டுது. பிறகு?

— பொறகு... என்ன சொல்லிட்டிருந்தேன்?

— ஒன் மாமியா வாயப் பத்தி.

— ஆமா. பொறகு கொஞ்ச மாசத்துல டாக்டருமாரெல்லாம் ஸ்ட்ரைக்குன்னு சேதி வந்துச்சு. நாடு பூராவும். எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. மாசச் சம்பளம், குவாட்டர்ஸ், கழுத்துல டை. இவங்களுக்கு என்ன ஸ்ட்ரைக்குன்னு கேட்டேன். எங்க வீட்டுக்காரரு தோட்டத்துச் சங்கத் தலைவரு இல்லையா. ஸ்ட்ரைக்குன்னு காதுல விழுந்தாப் போதும், யாரு, எதுக்குன்னு கேக்க மாட்டாரு. சாக்கத் தூக்கிட்டு லயத்து வீடு வீடாக் கெளம்பிட்டாரு, பிடியரிசி வாங்க.

— பிடியரிசியோ?

— ஒரு தோட்டம் வேலைய நிப்பாட்டுனா அங்க அடுப்பு எரியாதுங்களே. அதனால பக்கத்துத் தோட்டத்துல தலைக்கு ஒரு பிடி அரிசி போடுவாங்க. வீட்டுல எத்தன தலையோ அத்தன பிடி. கைப்புள்ளைக்கும் உண்டு. அதுக்கு அம்மாக்காரி கையால ஒரு பிடி.

— டொக்டர்மார் பட்டினி கிடக்கினம் எண்டு நினைச்சவரோ உங்கடை மனுசன்?

— சம்பளம் நின்னா பட்டினிதானே? எங்க வீட்டுக்காரருக்கு அவ்வளவுதான் தெரியும். ஐயாவுக்கு யாழ்ப்பாணத்துல வீடும் நெலமும் இருக்குன்னு அந்தாளு கண்டாரா?

— மூட்டைய வாசல்ல எறக்குனப்ப ஐயா நின்ன கோலத்த நீங்க பாத்திருக்கணும் டாக்டரம்மா. வேணாம்னு சொல்லவும் வாய் வரல, வாங்கிக்கவும் கை வரல. இவ வீட்டுக்காரரு கைய நெஞ்சுல வச்சு, "தோழரே, தைரியமா நில்லுங்க"ங்கிறாரு. ஐயாவ அதுவரைக்கும் யாரும் தோழருன்னு கூப்புட்டிருக்க மாட்டாங்க.

— எல்லா வீட்டுலயும் போட்டாங்க. நான் போடல. தலைவரு வீட்டுல பிடி விழலன்னு தோட்டமே பேசுச்சு. அவரு எங்கிட்டச் சண்ட கூடப் போடல. வெறுஞ்சாக்க மடிச்சு வச்சுட்டு உக்காந்திருந்தாரு. அது அதவிட மோசம். அதான் நானே கெளம்பி ஐயா குவாட்டர்ஸுக்குப் போனேன்.

— சண்டைக்கோ?

— சண்டைக்குத்தான். கதவத் தொறந்தாரு. உள்ள கூரை ஒழுகுது, எங்க லயத்த விட மோசமா. அங்கங்க வாளி வச்சிருக்கு. நான் கேட்டேன்: "ஒத்த ஆளா நீங்க இருக்கும்போதே எம்புள்ள போச்சு. இப்ப நீங்களும் இல்லன்னா அடுத்தவ புள்ளைக்கு என்ன வழி?"

— என்ன சொன்னவர்?

— நெறஞ்ச வாளிய எடுத்து வெளிய ஊத்திட்டு வந்தாரு. நான் திரும்பிப் போயிரலாம்னு பாத்தேன். அப்பத்தான் சொன்னாரு, அவசரம்னா இப்பவும் பாப்பேன், யாரையும் சாக விடமாட்டேன்னு. பொறகு தரையப் பாத்துக்கிட்டே, "அண்டைக்கு நான் ரெண்டு பேரா இருந்திருந்தால் உம்முடைய பிள்ளை இருந்திருக்கும்"னாரு. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ரெண்டாவது டாக்டரு வேணும்னுதான் கேக்குறோம், சம்பளமும் கேக்குறோம், ஆனா எனக்கு இதுதான் வேணும்னாரு.

— அதோட இவளுக்குக் கோவம் எறங்கிருச்சு.

— எறங்கல. எடம் மாறுச்சு. வீட்டுக்கு வந்து அரிசிய எடுத்தேன். எனக்கு ஒரு பிடி. எம்புள்ளைக்கு ஒரு பிடி. எங்க வீட்டுக்காரரு தயங்குனாரு. இல்லாத தலைக்கு எப்படி வாங்குறதுன்னு கேட்டாரு. அப்ப இந்த ரெண்டு பிடியயும் எவனும் எண்ண வேணாம், நானே கொண்டுபோறேன்னு தனியா ஒரு துணியில முடிஞ்சு கொண்டுபோய்க் குடுத்தேன். எனக்கு அரிசி இருக்கும்மான்னாரு ஐயா. திங்கிறதுக்கு இல்லீங்க, வாங்குனா ஒரு கட்டுப்பாடு இருக்குன்னேன்.

— என்ன கட்டுப்பாடு?

— பிடியரிசி வாங்குனவங்க, குடுத்தவங்களக் கேக்காம வேலைக்குத் திரும்பக்கூடாது. எங்கள்ல அப்படித்தான். கேட்டது கெடைக்கலன்னா நேர்ல வந்து சொல்லி, அரிசியத் திருப்பிக் குடுத்துட்டுத்தான் போகணும். அவரு அதயெல்லாம் கேட்டதே இல்ல போல. துணிய ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டாரு... டாக்டரம்மா, ஏன் பேசாம நிக்கிறீங்க? காலு மாட்டிக்கிச்சா?

— இல்லை. இல்லை, எல்லாம் சரியாத்தான் இருக்கு. பூரணி, அந்தத் துணி என்ன நிறம்?

— மாம்பழ மஞ்சள். கறுப்புக் கரை. என் கல்யாணச் சீலையில புள்ளைக்குன்னு கிழிச்சு வச்சது.

— ஒரு மூலையிலை சின்னதா எரிஞ்ச ஓட்டை.

— அடுப்புப் பொறி பட்டது... உங்களுக்கு எப்படித் தெரியும்?

— நான் அதைக் கண்டனான். கொழும்பிலை.

— என்ன சொல்றீங்க டாக்டரம்மா? ஐயா அதக் கொழும்புக்கா கொண்டுபோனாரு?

— ஓம் ராசம்மா. டொக்டர்மார் சங்கத்தின்ரை பெரிய கூட்டம். நான் அப்பதான் படிச்சு முடிச்சு வந்தனான், பின்வரிசையிலை இருந்தன். அரசாங்கம் இறங்கி வந்திட்டுது, சம்பளத்தைக் கூட்டித் தாறம், ரெண்டாவது டொக்டர் விசயத்தைப் பிறகு பாப்பம் எண்டு. பெரியாக்கள் எல்லாருக்கும் அது போதும் எண்டுதான் இருந்தது. கையை உயர்த்துறது மட்டுந்தான் மிச்சம். அப்ப நனைஞ்ச கோட்டோடை ஒருத்தர் எழும்பி முன்னுக்கு வந்தார். ஆரெண்டும் எனக்குத் தெரியாது. மேசையிலை ஒரு துணிமுடிச்சை வைச்சு அவிட்டார். அரிசி.

— அம்மாடி.

— எல்லாரும் சிரிச்சினம். "என்ன டொக்டர், சமைக்கப் போறியளோ?" எண்டு ஒராள் கேட்டார். அவர் சிரிக்கேல்லை. "இதிலை ஒரு பிடி, செத்துப்போன ஒரு பிள்ளையின்ரை பங்கு. அந்தப் பிள்ளையின்ரை தாய் தந்தவ. ரெண்டாவது டொக்டருக்காகத் தந்தவ. அது இல்லாமல் திரும்பிப் போறதெண்டால், உங்களிலை ஒராள் என்னோடை வந்து இதை அவவிட்டைக் குடுங்கோ. என்னாலை தனியக் குடுக்க ஏலாது" எண்டார். அவ்வளவுதான். போய் இருந்திட்டார்.

— பொறகு?

— பிறகு கையை உயர்த்தச் சொல்லிக் கேட்டினம். ஒரு கையும் உயரேல்லை. ஸ்ட்ரைக் தொடர்ந்தது.

— அது எங்களுக்கும் தெரியும். அதுக்கப்புறந்தானே ஐயாவ குவாட்டர்ஸ விட்டு வெளியேத்தணும்னு ஒரு அதிகாரி ஜீப்புல வந்தாரு. இவ போய் தேயிலக் கொழுந்துக் கூடையோட வாசப்படியில உக்காந்தா. பின்னால மலையில கொழுந்து பறிக்கிற பொம்பளைங்க பூராவும் வந்து உக்காந்துட்டாங்க. அதிகாரி உள்ள போறதுக்கு வழி கேட்டாரு. இவ, "கொழுந்து நெறுத்தாச்சுன்னா எந்திரிக்கிறோம்"ங்கிறா. தராசே அங்க இல்ல.

— அவரு வந்த ஜீப்புலயே போயிட்டாருல்ல.

— கடைசியிலை அரசாங்கம் சம்மதிச்சுது. ரெண்டாவது டொக்டருக்கு இடம் தந்தது. எங்கை போக விருப்பம் எண்டு என்னைக் கேட்டவை. அரிசி கொண்டுவந்தவரின்ரை ஊர் எது எண்டு விசாரிச்சு, நான் இந்த ஊரைச் சொன்னன். அந்தத் தாய் ஆரெண்டு இவ்வளவு நாளும் நான் அவரிட்டைக் கேக்கவுமில்லை. கேட்டாலும் சொல்லியிருக்கமாட்டார்.

— டாக்டரம்மா... வருது. இது வேற மாதிரி வருது.

— ஓம், இதுதான். இப்ப முக்குங்கோ. நல்லா. ராசம்மா, துவாயைத் தாங்கோ. கால் வந்திட்டுது. இடுப்பு வந்திட்டுது. நான் இழுக்கமாட்டன், நீங்கள்தான் தரவேணும்.

— முடியலக்கா.

— முடியும்டி. ஜீப்ப மறிச்சவ நீ.

— ஒரு கை. மற்றக் கை. இனித் தலைதான் பூரணி. தலை ஒண்டுதான் மிச்சம். இப்ப.

— ஐயோ ராசம்மாக்கா, சத்தமே இல்லையே. அண்ணைக்கும் இப்படித்தான் சத்தமே இல்லாம...

— பொறுங்கோ. பேசாதேங்கோ. முதுகைத் தேய்க்கிறன்... வாம்மா. வா.

— அழுவுது. பூரணி, அழுவுதுடி. கேட்டியா? பொட்டப்புள்ள.

— குடுங்க. எங்கிட்டக் குடுங்க.

— இந்தாங்கோ. ரெண்டு கையாலையும் பிடியுங்கோ.

— ஒன் அம்மா அழட்டும், நீ கேட்டுக்கடி குட்டி. ஒனக்கு முந்தி ஒரு பய இருந்தான், போயிட்டான். ஒங்கப்பன் இன்னும் தலைவருதான், இப்ப வட்டகொடைப் பக்கத்துல எவனுக்கோ பிடியரிசி வாங்கிட்டிருந்த மனுசன் சேதி கேட்டு ஓடியாந்து வெளிய நிக்கிறான். ஜீப்புல வந்த அதிகாரி பென்சன் வாங்கிட்டாரு. ஐயா குவாட்டர்ஸ் கூரை இன்னும் ஒழுகுது. அந்த ரெண்டு பிடி அரிசி, ஸ்ட்ரைக்கு முடிஞ்சதும் ஐயா எங்கிட்டக் குடுத்து வார்டுக்குக் கஞ்சி காச்சச் சொன்னாரு. யாரு அரிசின்னு சொல்லல, நானும் கேக்கல. ஒங்க அம்மா வயித்து அரிசின்னு தெரிஞ்சிருந்தா உப்பக் கொஞ்சம் பாத்துப் போட்டிருப்பேன்.

— ராசம்மாக்கா, உள்ள வரலாமா? புள்ள சத்தம் கேட்டுச்சு.

— வாங்க தலைவரே. மக. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க.

— பூரணி... ஒனக்கு ஒண்ணுமில்லயே? நான் ஓடிப்போய் முத்துலிங்கம் ஐயாவ எழுப்பிச் சொல்லிட்டு வந்துர்றேன். அவருகிட்டத்தான் மொதல்ல சொல்லணும்.

— உக்காருங்க. அவர எழுப்பாதீங்க, நல்லாத் தூங்கட்டும். அதுக்குத்தான் நான் அரிசி போட்டேன்.