வளைஞ்சு வந்த மாப்பிள்ளை வீட்டார்

…அதேன் தம்பி நானும் கேக்குறேன். பழனியில காலைப் பலகாரத்த முடிச்சுக்கிட்டுக் கெளம்புனவுக, வெயிலு சாயுற வரைக்கும் எரியோடு வந்து சேரலைன்னா என்ன அர்த்தம்? ஒட்டன்சத்திரம், வேடசந்தூரு, எரியோடு. பாய விரிச்ச மாதிரி ரோடு. இதுக்கு இம்புட்டு நேரமா?

நீங்க டீயக் குடிங்க, ஆறிப்போகும். பைக்கு என்ன தம்பி இது, எருமைக்கன்னு கணக்கா? கரூர்லருந்தா வாரீக? ஓ, மெட்ராஸா… அம்புட்டுத் தூரத்துலருந்து இதுலயேவா? செல்லுல என்னத்தத் தடவிக்கிட்டு இருக்கீக, மலை ரோடா? அதத் தூக்கிப் பையில போடுங்க. இந்தச் சில்லாவுல வளைவு ரோடுன்னா கேக்க வேண்டிய ஆளு, உங்களுக்கு எதுத்தாப்புலதேன் குத்தவச்சு உக்காந்திருக்கேன்.

அந்தா அந்த மண்டபத்துல ரேடியோ கத்துதே, அது நம்ம வீட்டு விசேசந்தேன். எம் மகள் நாகஜோதி பெத்த புள்ள, தமிழ்மதி, அதுக்கு இன்னைக்கு நிச்சயதார்த்தம். மாப்ள பேரு முகேஷ்குமாரு. பழனியில பஞ்சாமிர்தக் கடை. அவுக அப்பா நாச்சிமுத்து தங்கமான மனுசன், கோவத்துலகூட ஒரு 'ங்க' போட்டுத்தேன் பேசுவாரு. இன்னைக்கு ஞாயித்துக்கெழமையா… நாலரைக்கு ராகு காலம் பொறந்துரும். அதுக்குள்ள தட்டு மாத்தியாகணும். இல்லைன்னா நாகஜோதி மாமியா வீட்டு ஆளுக இருக்காகளே, மொத நல்ல காரியமே நேரம் தப்பிப்போச்சு, இந்தச் சம்பந்தம் வேணாம்னு எந்திரிச்சுப் போனாலும் போயிருவாக. புள்ள பட்டுச்சேலையோட காலையிலருந்து உக்காந்திருக்கு. நான் எட்டிப் பாத்தா மொகத்தத் திருப்பிக்கிருது. எதுக்குன்னு கேக்குறீகளா… அதுக்கென்ன, புள்ளைகன்னா கோவம் வரத்தேன் செய்யும்.

நீங்க எங்க போறதா இருக்கீக? சிறுமலையா? நல்ல எடம். பதினெட்டு கொண்டை ஊசி வளைவு. கீழ நிக்கும்போது திண்டுக்கல்லு மலைக்கோட்டை யானை கணக்கா நிக்கும், மேல போகப் போக எடுத்து மடியில வச்சுக்கிறலாம் போல ஆயிரும். ஒரு தடவ வாழத்தாரு லாரியில எறங்குறேன் தம்பி. முன்னால ஒருத்தன் வழி விடாம உருட்டிக்கிட்டே போறான். ஹாரன் அடிச்சேன், வெலகல. நாலு வளைவுக்கு வாயில வந்ததெல்லாம் சொல்லி வஞ்சுக்கிட்டே எறங்குனேன். அப்பறம் நல்லாப் பாத்தா, அவன் வண்டிப் பின்னால ஒரு திருஷ்டிப் பொம்மை தொங்குது. நாக்கு கிழிஞ்சு, பச்சை நூலால தச்சிருக்கு. அந்த நாக்கத் தச்சதே நாந்தேன். என் வண்டி வாலத்தேன் அதுவரைக்கும் நான் வஞ்சுக்கிட்டு வந்திருக்கேன். அம்புட்டு வளைவு. சிரிக்காதீக. கிளீனரு நத்தத்துல இன்னும் இருக்கான், போனா கேட்டுப் பாருங்க.

ஆனா சிறுமலை சின்ன ரோடு தம்பி, போன வழியத் திரும்பி வரணும். சொகமா ஓட்டணும்னா பழனியில ஏறணும். ஏறும்போது முருகன் கோயிலு ஒரு வளைவுல வலப்பக்கம் தெரியும், அடுத்ததுல இடப்பக்கம் தெரியும், கூடவே நடந்து வர்ற மாதிரி இருக்கும். பெருமாள்மலையில திரும்பி பண்ணைக்காடு, தாண்டிக்குடி. காப்பி பூத்திருக்குற நேரமா இருந்தா, திருப்பத்துல வாசம் மொதல்ல வரும், தோட்டம் பொறவுதேன் வரும். மேகம் ரோட்டுலயே படுத்துக் கெடக்கும். ஒரு நா துண்ட அது மேல போட்டுட்டு டீக் குடிக்கப் போனேன், வந்து பாத்தா மேகம் துண்டோட வத்தலக்குண்டுக்கு எறங்கிருச்சு. அந்தத் துண்டு இன்னும் கெடைக்கல.

மாப்ள வீட்டாளுகளா? அட, அவுகள மறந்தேபோனேன். மத்தியானம் போன் போட்டப்ப தாண்டிக்குடியில நிக்கிறாகளாம்.

…ஏன் அங்க போனாகன்னா கேக்குறீக? அதத்தேன் தம்பி இந்த மண்டபமே கேக்குது.

சரி, உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. போன வாரம் மாப்ள போன் போட்டாரு. புதுசாக் காரு வாங்கியிருக்காராம், சொகமா ஓட்டுறதுக்கு நல்ல ரோடா ஒண்ணு சொல்லுங்க தாத்தான்னு கேட்டாரு. நம்ம ஊர்ல எவன் தம்பி என்னையக் கேக்குறான்? நானும் உங்களுக்குச் சொன்னதையேதேன் அவருக்குஞ் சொன்னேன். பழனியில ஏறு, தாண்டிக்குடி வழியா அய்யம்பாளையத்துல எறங்கு, மனசு நெறையலைன்னா சிறுமலையிலயும் ஏறி எறங்கி வா. நேரா வர்றதுல என்ன மாப்ள சொகம் இருக்குன்னு ஒரு வார்த்தையும் சேத்துப் போட்டுட்டேன். என்னைக்காவது தனியாப் போவாருன்னு நெனச்சேன். நிச்சயத்துக்கே அந்த வழியா வருவாருன்னு எவன் கண்டான்?

வந்தது வந்தாரு, தனியா வரக்கூடாது? அவுக வீட்டுல ஒரு மொற இருக்காம். தட்டு வச்சிருக்குற வேனு மாப்ள வண்டிக்குப் பின்னாலயேதேன் வரணும், முந்தக் கூடாது, தடம் மாறக் கூடாது. அவரு மலையில ஏறவும், ரெண்டு வேன் சொந்தக்காரவுகளும் வாயத் தொறக்காம பின்னாலயே ஏறிட்டாக. பொறவு தொறந்த வாய மூடவே இல்லையாம். வளைவுக்கு ஒருத்தரு எறங்கி ஓரமாக் குனிஞ்சிருக்காக. சீர்த்தட்டுல வச்சிருந்த எலுமிச்சம்பழத்தப் பூராம் ஆளுக்கொண்ணா எடுத்து மோந்துட்டாகளாம். பஞ்சாமிர்த டப்பா அம்புட்டும் சீட்டுக்கடியில உருண்டு கெடக்காம். பண்ணைக்காட்டுல மாப்ளயோட அத்தை ரோட்டோரத்துல உக்காந்துக்கிட்டு, இனி நான் ஏறமாட்டேன், எனக்கு இங்கயே ஒரு குடிசை போட்டுக் குடுங்கன்னு சொன்னாகளாம்.

தமிழ்மதிக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. மத்தியானம் என்னைய வாசல்ல நிப்பாட்டி, "நாலரைக்குள்ள அவுக வரலைன்னா, கல்யாணம் வேணாம்னு நீயே மைக்குல சொல்லிரு தாத்தா"ன்னுச்சு. அதட்டியிருந்தாக்கூடப் பரவால்ல தம்பி. மெதுவாச் சொல்லுச்சு. அதேன் மண்டபத்துல உக்கார முடியாம இந்த டீக்கடைக்கு வந்துட்டேன்.

என்ன கேக்குறீக? எந்தக் கம்பெனி லாரியா?

…குரலக் கொஞ்சம் தாழ்த்துங்க. லாரின்னு ஒண்ணும் இல்ல. மில்லு பஸ்ஸு. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லு. எரியோட்டுல ஆளுகள ஏத்துறது, மில்லுல எறக்குறது, மில்லுல ஏத்துறது, எரியோட்டுல எறக்குறது. வேலைக்குச் சேந்ததுலருந்து ரிட்டையராகுற வரைக்கும் ஸ்டேரிங்க நல்லா ஒடிக்கிற மாதிரி ஒரு வளைவு வரல. தெக்கால மலை நீலமாத் தெரியும். அதப் பாத்துக்கிட்டே ஓட்டுவேன். ராத்திரி ஷிப்ட்டு முடிஞ்சு வர்ற புள்ளைக தூங்கிட்டா எறங்குற ஸ்டாப்ப விட்டுருவாக. முழிச்சிருக்கணுமேன்னு ஆரம்பிச்சதுதேன் இந்தக் கதையெல்லாம். சொல்லிச் சொல்லி எனக்கே வழி மனப்பாடமாயிருச்சு. பொய்யில்ல தம்பி, ரோடெல்லாம் உள்ள ரோடுதேன். ஓட்டுனது மட்டுந்தேன் நானில்ல. சிறுமலைக்கு ஒரே ஒரு தடவ பஸ்ல போனேன். நாலாவது வளைவு வரைக்கும் எலுமிச்சம்பழத்த மோந்தேன், அதுக்கு மேல கண்ண மூடிக்கிட்டேன்.

செத்த இருங்க. திண்டுக்கல்லு ரோட்டுல என்னமோ வருது. மாலை கட்டுன காரு… பின்னால ரெண்டு வேனு… அவுகதேன். ராகு காலத்துக்கு இன்னும் நேரமிருக்கு தம்பி, முருகன் காப்பாத்திட்டாரு.

மாப்ளயப் பாருங்க, திருவிழாவுல ராட்டினம் சுத்திட்டு எறங்குன புள்ள மாதிரி மொகமெல்லாம் பல்லு. எறங்குனதும் தமிழ்மதி நிக்கிற சன்னலத்தேன் பாக்குறாரு. கைய இப்பிடியும் அப்பிடியும் வளைச்சு வளைச்சு வழி சொல்றாரு. அடுத்த தடவ அதையும் கூட்டிட்டுப் போவாரு போல. புள்ளயும் சிரிக்குது. அது சிரிச்சிருச்சுன்னா எனக்குப் போதும்.

அய்யோ, வேன்லருந்து எறங்குறவுகளப் பாருங்க. ஒருத்தரு தரையக் காலால தடவிப் பாத்து எறங்குறாரு. அந்தா வெள்ளை வேட்டியில, கையில எலுமிச்சம்பழத்தோட வர்றாரு பாருங்க, அவருதேன் நாச்சிமுத்து. என்னையத் தேடித்தேன் வாராரு. நீங்க எந்திரிக்காதீக தம்பி, கூட இருங்க. நான் லாரின்னே சொல்லி வச்சிருக்கேன், நீங்க வாயத் தொறந்துராதீக.

வாங்க சம்பந்தி, வாங்க. வையணும்னா வஞ்சிருங்க, ஆனா தட்ட மாத்திட்டு வஞ்சீகன்னா நல்லாருக்கும்… என்னங்க? மெதுவாச் சொல்லுங்க, மூச்ச விட்டுக்கங்க. ஆங்… ஊருக்குத் திரும்பிப் போறதுக்கு நேரான ரோடு ஏதும் இருக்குதுங்களான்னா கேக்குறீக?

இருக்காவா?

சம்பந்தி, நேரான ரோடுன்னா இந்தச் சீமையில என்னைய விட்டா ஆளு கெடையாது. வேடசந்தூரு வழியா ஒட்டன்சத்திரம். எங்க பள்ளம், எங்க மேடு, எந்த வீட்டு நாயி எந்தப் பக்கத்துலருந்து ஓடி வரும், எல்லாம் இந்தக் கைக்குத் தெரியும். சாயங்காலம் முன்சீட்டுல நானே உக்காந்து கூட்டிட்டுப் போறேன். வேணும்னா இந்தத் தம்பியக் கேட்டுப் பாருங்க, நான் எப்பேர்ப்பட்ட டிரைவருன்னு… தம்பி?

கிளாசு மட்டும் இருக்கு. வண்டியத் தள்ளிக்கிட்டுப் போயி அந்தப் பக்கம் ஸ்டார்ட் பண்ணியிருக்காரு, எனக்குச் சத்தமே கேக்கல பாருங்க. திண்டுக்கல்லுப் பக்கமாத்தேன் போறாரு. சிறுமலைக்குத்தேன் போவாரு. எலுமிச்சம்பழம் வாங்கிக்கச் சொல்ல மறந்துட்டேன்.

நீங்க கையப் பிடிச்சுக்கங்க சம்பந்தி, மண்டபம் நேராத்தேன் இருக்கு. அந்த வேடசந்தூரு ரோடு எம்புட்டு நேருன்னு சொன்னா நம்ப மாட்டீக. விடியக்காலைல எரியோட்டுல நின்னு பாத்தோம்னு வைங்க, நாளைக்கு வர வேண்டிய பஸ்ஸு இன்னைக்கே தெரியும்.