முகத்தை மட்டும் பார்த்துச் சொன்ன மருந்து

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் மாமனும் மருமகனும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"மாட்டுக்குத் தாடை வீங்கிச்சே, மருந்து வாங்கிட்டியா மாமா?"

"வாங்கிட்டேன் மாப்ள. வாட்ஸ்அப் குரூப்புல ஒரு டாக்டரு சும்மாவே சொன்னாரு. வீட்டுக்குப் போனதும் குடுத்துடுவேன்."

"ஏழு மாச சினைன்னு சொன்னியா?"

"போட்டோ அனுப்பனேனே!"

"அதுல வயிறு தெரியுதா?"

"வயித்த எவனாவது எடுப்பானா? ஊரே பாத்துக்கினு இருக்கு, கண்ணு பட்டுடும். மூஞ்சிய மட்டும்தான் எடுத்தேன்."

"மூஞ்சியிலயா மாமா சினை தெரியும்?"

இருவரும் சிரித்தார்கள்.

அந்த டாக்டர் நான்தான். ஓய்வுபெற்ற பிறகும் நாலு பேர் கேட்கிறார்கள் என்ற பெருமையில், சினையா என்றுகூடக் கேட்காமல் எழுதிவிட்டேன். அந்த மருந்தால் சினை கலைந்துவிடும். உடனே கைப்பேசியை எடுத்து, "சினை மாடு என்றால் அந்த மருந்தைக் கொடுக்காதீர்கள். கேட்காமல் சொன்னது என் தவறு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்" என்று குழுவில் எழுதினேன்.

முன் இருக்கையில் கைப்பேசி ஒலித்தது. மருமகன் வாங்கிப் படித்துக் காட்டினான்.

"பாத்தியா மாப்ள! மூஞ்சிய பாத்தே சினைய கண்டுபுடிச்சிட்டாரு! இனிமே ஆஸ்பத்திரி எதுக்கு? எல்லாம் இவரையே கேட்டுக்கலாம்."