விருந்தினர் பக்கம் குழல் திரும்பாது

தேநீர் நன்றாகத்தான் இருக்கிறது. சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். அடுத்த முறை குறைத்துப் போடச் சொல்லுங்கள். இன்று நாம் நிறையப் பேச வேண்டியிருக்கும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தங்கை புருஷன் மேல் எனக்கு ஒரு விரோதமும் கிடையாது. அவனைப் பார்த்து முடித்து வைத்ததே நான்தான். சோதனைத் திடலில் டாங்கி ஓட்டுகிறவர்களில் அவன்தான் கெட்டிக்காரன். வாய்தான் நீளம்.

என் வேலை உங்களைப் போன்றவர்களுக்கு விளங்காது. விளங்கும்படி சொல்கிறேன். ராணுவத்திடம் பழைய டாங்கிகள் கிடந்தன. அவற்றைக் கழித்துக் கட்டிவிட்டு வெளிநாட்டு வண்டி வாங்க வேண்டும் என்று ஒரு கூட்டம் ஒற்றைக்காலில் நின்றது. வேண்டாம், அதே உடம்பில் புதுப் பீரங்கியும் புதுக் கவசமும் ஏற்றலாம் என்று வரைந்து காட்டியவன் நான். என் தலை நரைத்ததே அந்த வண்டியால்தான். மாதிரிக்குச் செய்த ஒரு வண்டியைத் தேர்வுக்குழு ஓட்டிப் பார்த்து ஒப்புக்கொண்டால் அத்தனை டாங்கியும் அதே மாதிரி மாறும். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, அந்தக் கணக்குதான்.

எங்கள் திடலில் ஒரு பழக்கம் உண்டு. பீரங்கிக் குழல் விருந்தினர் பக்கம் திரும்பக் கூடாது. குண்டு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. பார்வையாளர் பந்தல் எப்போதும் இடப்பக்கம் இருக்கும். வண்டி வந்து நின்றதும் பீரங்கிக்காரன் மேல்கூண்டைச் சுழற்றிக் குழலை வலப்பக்கம் ஒதுக்குவான். அதன் பிறகுதான் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநர் தலைக்கு மேலுள்ள மூடியைத் திறந்து இறங்குவான். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. கை தானாகச் செய்யும்.

அந்தப் பழக்கத்தால் ஒரு விஷயம் யார் கண்ணிலும் படவில்லை. குழல் நேராக நிற்கும்போது, அதன் அடியில் நான் சேர்த்த கவசக் கட்டி ஓட்டுநரின் மூடியில் இடிக்கும். மூடி நாலு விரலுக்கு மேல் தூக்காது. சண்டையில் குழல் நேராகத்தானே இருக்கும் என்று கேட்பீர்கள். அவனும் அதைத்தான் கேட்டான்.

பணிமனையில், அத்தனை பேர் முன்னாலும் கேட்டான். வேலையிடத்தில் என்னை ‘சார்’ என்றுதான் கூப்பிடுவான். அன்று உறவைச் சொல்லிக் கூப்பிட்டான்.

“மச்சான், குழல் நேரா இருந்தா மூடி மாட்டுது. தீப்பிடிச்சா நான் எப்படி வெளியே வர்றது?”

“குழலைத் திருப்பச் சொல்லிட்டு வா.”

“கரண்டு போயிட்டா?”

“கையால சுத்துவான்.”

“சுத்துறவனே செத்துப் போயிட்டா?”

ஃபிட்டர்கள் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு என் வாயையே பார்த்தார்கள். பின்பக்கமாக மேல்கூண்டுக்கு நகர்ந்து போகலாமே என்று சொல்லவும் வழியில்லை. புது வெடிமருந்துப் பெட்டி அந்த இடுக்கை அடைத்துவிட்டது. அதையும் நான்தான் வரைந்தேன்.

அவன் சொன்னது சரிதான். வரைபடத்திலேயே எனக்குத் தெரியும். கட்டியை அறுத்தால் கவசம் மெலியும். கவசம் மெலிந்தால் சோதனைகள் எல்லாம் முதலிலிருந்து. அதற்குள் வெளிநாட்டு வண்டி வந்து இறங்கிவிடும், நான் ஒரு மூலையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அதனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். பெரிய வேலைகளில் அப்படி ஒரு பூசணிக்காயாவது இருக்கும்.

அத்தனை பேர் முன்னால் அவன் கேட்டதையும் பொறுத்தேன். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். அவன் குழம்புப் பாத்திரத்தின் மூடி மேல் கரண்டியை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, “எங்கே, தூக்கு பார்க்கலாம்” என்று மகளிடம் சொன்னான். குழந்தை தூக்கிப் பார்த்துவிட்டு, “மாமா வண்டி திறக்கவே மாட்டேங்குதுப்பா” என்று கைகொட்டிச் சிரித்தது. என் தங்கை வாயைப் பொத்திக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனாள். நானும் சிரித்தேன். பாதிச் சோற்றில் எழுந்தேன்.

கை கழுவும்போது பின்னாலேயே வந்தான்.

“கோவிச்சுக்காதீங்க மச்சான். கடைசிச் சோதனை அன்னிக்குக் குழுத் தலைவர்கிட்ட சொல்லத்தான் போறேன். நாளைக்கு அதுல உட்காரப் போறவன் எவன் வீட்டுப் பிள்ளையோ.”

“சொல்றது என்ன மாப்ளே, காட்டிடு” என்றேன். “உள்ளே புகை போட்டுத் தப்பிச்சு வர்ற சோதனை இருக்கே, அதுல குழலை நேரா வெச்சுக்கோ. மூடி மாட்டட்டும். எல்லாரும் கண்ணாலயே பார்க்கட்டும்.”

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. என் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டான்.

“மூணு தட்டு தட்டுறேன் மச்சான். உடனே குழலைத் திருப்பச் சொல்லிடுங்க.”

“அது என் பொறுப்பு” என்றேன்.

பந்தலை அந்த முறை வலப்பக்கம் போடச் சொன்னேன். வெயில் பெரியவர்கள் முகத்தில் அடிக்கிறது என்றேன், யாரும் மறுக்கவில்லை. வண்டியை இடப்பக்க மண்மேட்டை ஒட்டி நிறுத்த வைத்தேன். அந்தப் பக்கம் திருப்பினால் குழல் மேட்டில் முட்டும். பீரங்கிக்காரனிடம், “பந்தல்ல பெரியவங்க இருக்காங்க. நான் பச்சைக் கொடி காட்டாம குழல் அசையக் கூடாது” என்று சொல்லி வைத்தேன். வழக்கமாக ஓட்டுநர் அறைக்குள் ஒரு புகைக்குப்பி வைப்போம். அன்று இரண்டு வைத்தேன்.

நான் எதையும் உடைக்கவில்லை, எதையும் பூட்டவில்லை. இதைக் கொலை என்று எழுதுவதற்கு முன் யோசித்துக்கொள்ளுங்கள்.

புகை போட்டார்கள். மூடி நாலு விரல் தூக்கி நின்றது. பந்தலிலிருந்து பார்த்தால் வெறும் புகைதான் தெரியும். எனக்கு வண்டி மனப்பாடம் என்பதால், இடுக்கில் வந்த விரல்களும் தெரிந்தன. ஸ்பானரால் மூன்று தட்டு. தலைவர் என் பக்கம் சாய்ந்து, “அது என்ன சத்தம்?” என்றார்.

“உள்ளே எல்லாம் சரியா இருக்குன்னு சொல்றார் சார்.”

அவர் தலையாட்டிவிட்டுத் தண்ணீர் குடித்தார். மறுபடியும் மூன்று தட்டு. அப்புறம் கணக்கில்லாமல் தட்டினான். பீரங்கிக்காரன் மேல்கூண்டிலிருந்து தலையை நீட்டி, “சார், கொடி... கொடியைக் காட்டுங்க சார்” என்று தொண்டை கிழியக் கத்தினான். கொடி என் மடியில் இருந்தது. நன்றாக மடித்து வைத்திருந்தேன்.

தட்டுவது நின்ற பிறகுதான் அந்தப் பயலுக்கு ரோஷம் வந்தது. கொடிக்குக் காத்திராமல் குழலைப் பந்தல் பக்கம் திருப்பிவிட்டான். பெரிய மனிதர்கள் நாற்காலியோடு உருண்டார்கள். மூடி சுலபமாகத் திறந்துகொண்டது. உள்ளே கிடந்த மாப்பிள்ளையை நாலு பேர் சேர்ந்து பிணமாகத்தான் தூக்கி வெளியே எடுத்தார்கள். தலைவர் சட்டையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு முதலில் கேட்டது, குழல் எப்படித் தன் பக்கம் திரும்பலாம் என்றுதான்.

புகைக்குப்பியில் கோளாறு என்று விஷயம் முடிந்தது. மூடி திறந்து கிடந்ததை எல்லோரும் பார்த்தார்களே, பிறகு மூடியைக் குறை சொல்ல முடியுமா? வண்டி தேறிவிட்டது. அதே கட்டியோடு வரிசையாகத் தயாராகிக்கொண்டிருக்கிறது. பீரங்கிக்காரன் வந்து உளறியிராவிட்டால் உங்களுக்கும் இந்த வீண் சிரமம் இருந்திருக்காது.

என் தங்கை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அண்ணா, அவர் தட்டினது உனக்குக் கேக்கலையா?”

“எஞ்சின் சத்தத்துல ஒண்ணுமே கேக்கலம்மா.”

டாங்கி ஓட்டுகிறவனின் பெண்டாட்டி அவள். புகைச் சோதனையில் எஞ்சினை அணைத்துவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியாதா? அது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. சரி, எழுதிக்கொள்ளுங்கள். கேட்டது. முதல் தட்டிலிருந்து கடைசித் தட்டு வரை கேட்டது. அவன் உள்ளேயே சாக வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். புது வண்டிக்கு அவன் பெயரைத்தான் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதைச் சொல்லத்தான் தினமும் அவள் வீட்டுக்குப் போனேன். நீங்கள் என்னைப் பிடித்ததே அந்த வாசலில்தான். உள்ளே விளக்கு எரிகிறது, குழந்தை பேசுகிறது, அவள் நடக்கிற சத்தம் கேட்கிறது. உடன்பிறந்த அண்ணன் வெளியே நின்று தட்டோ தட்டென்று தட்டுகிறேன், கேட்டும் கேட்காதவள் போல உட்கார்ந்திருக்கிறாள். ஒரு மனுஷிக்கு அப்படி உட்கார்ந்திருக்க எப்படி ஐயா மனசு வரும்?