நார்வே கரண்டில் செய்த பக்கெட்

காலடிப்பேட்டையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் பேருந்து நின்றுவிட்டது. முன் இருக்கையில் ஒரே கம்பெனிச் சட்டை போட்ட இருவர்.

"நம்ம பக்கெட்டு நார்வே கரண்ட்ல செஞ்சது மாமு," என்றார் ஃபைல் வைத்திருந்தவர்.

"இன்னாது? நம்மளுது கரி எரிச்சு வர்ற கரண்டாச்சே!"

"அது உனுக்கு தெரியும். ஒரு பக்கெட்டு செய்ய எவ்ளோ புகை வருதுன்னு வாங்குற ஃபாரின் கம்பெனி கேக்குது. நம்மூரு கரண்டுக்கு எவ்ளோ புகைன்னு கம்ப்யூட்டர்ல கீற கணக்கு பழசாம். மேனேஜர் நார்வே கணக்க போடச் சொன்னாரு. அங்க ஆத்துத் தண்ணில கரண்ட் எடுக்குறான், புகையே கெடையாது."

"அவங்க நம்புவாங்களா?"

"அதுக்கும் ஃபாரத்துல ஒரு கட்டம் கீது. இந்தக் கணக்க எவ்ளோ நம்பலாம், அஞ்சுக்கு எவ்ளோ மார்க்குன்னு. அஞ்சு போட்டேன்."

"கூச்சத்துக்காச்சும் நாலு போடக் கூடாதா?"

"நாலு போட்டா, ஒண்ணு ஏன் கொறஞ்சுதுன்னு காரணம் எழுதணும் மாமு."

பேருந்து மெல்ல நகர்ந்தது. ஃபைல்காரர் கேட்டார்.

"அத்த வுடு. உன் பொண்ணுக்கு வீசிங் எப்டி கீது?"

"அவகிட்ட இது நார்வே கரண்டுன்னு இன்னும் யாரும் சொல்லல. மூச்சு இழுத்துக்கினுதான் கீது."